அத்தை எடுத்த கால்பேக்

2003-ஆம் வருஷம் நான் மும்பை மாட்டுங்காவில் அத்தை வீட்டில் பேயிங் கெஸ்ட் மாதிரி, ஆனால் பே பண்ணாமல், தங்கியிருந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூடத்து ஓரத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் குரோஷா துணி, அதன் மேல் போன். அத்திம்பேர் போனதற்கு அப்புறம் அந்த வீட்டில் அத்தைக்குப் பேச்சுத்துணை அந்தப் போன்தான். அதிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து, செருப்பு ஸ்டாண்டைச் சுற்றி, என் அறைக்குள், கம்ப்யூட்டரைப் போன் லைன் வழியாகப் பேசவைக்கும் மோடத்தில் செருகியிருந்தேன். எல்லாப் பிரச்சினைக்கும் மூலகாரணம் இந்த ஒயர்தான். ஆனால் அது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

வேலை, மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். பகலில் டைப் அடித்த பில் விவரங்களை ராத்திரி வீட்டிலிருந்தே சரிபார்த்து வைக்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு இதில் இரண்டு பயம். ஒன்று, எவனாவது நம்பரையும் பாஸ்வேர்டையும் கண்டுபிடித்து சர்வருக்குள் புகுந்துவிடுவான். இரண்டு, நாங்கள் வீட்டுப் போன் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவோம். இரண்டுக்கும் ஒரே மருந்து கால்பேக். நாம் ஆபீஸ் மோடத்துக்கு டயல் செய்து பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால், சர்வர் "சரி, நீ வை, நானே கூப்பிடுகிறேன்" என்று துண்டித்துவிடும். பிறகு தன்னிடம் எழுதி வைத்திருக்கும் நம்பருக்கு அது கூப்பிடும். பாஸ்வேர்டைத் திருடினவன் உலகத்தில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் மணி அடிப்பது அத்தை வீட்டு முக்காலியில்தான். காசும் ஆபீஸ் கணக்கு. ஏறக்குறைய நம் ஜனங்களின் மிஸ்டு கால்தான், கொஞ்சம் படித்த மிஸ்டு கால்.

சர்வர் விண்டோஸ் என்.டி. 4.0. கூட வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் விண்டோஸ். இரண்டு கிளிக்கில் அவர்களுக்குக் கால்பேக் வந்து, வேலை முடிந்து, தூங்கிவிடுவார்கள். நான்தான் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றார்கள். அப்படிக் கேட்ட பிறகு விண்டோஸுக்கு எப்படித் திரும்புவது?

போன் லைனில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசும் பாஷைக்குப் பெயர் பிபிபி. லினக்ஸில் அந்த இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பெயர் பிபிபிடி. அதற்குக் கால்பேக் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. மைக்ரோசாஃப்டின் சிபிசிபி என்கிற கால்பேக் பாஷை பேசுகிற சர்வரிடம்தான் அது செல்லும். என் சிடியில் இருந்த பிபிபிடியில் அந்த ஆதரவே சேர்க்கப்படவில்லை. ஆப்ஷனைக் கொடுத்ததும் 'அன்ரெகக்னைஸ்ட் ஆப்ஷன்' என்று முகத்தில் அடித்தது. மூல நிரலை இறக்கி, அந்த வரியை உயிர்ப்பித்து, மறுபடி கம்பைல் செய்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்று மாலை நண்பன் ஒருவனிடம் போனில் அழுதுகொண்டிருந்தேன்: "எல்லாம் சரியா இருக்கு, ஆனா பிபிபி மட்டும் ஏறவே மாட்டேங்குதுடா."

மறுநாள் ரசத்தில் உப்பு தூக்கல். மோரில் உப்பு. வாழைக்காய்க் கறியை வாயிலேயே வைக்க முடியவில்லை.

"என்ன அத்தை, இவ்வளவு உப்பு?"

"நீதானேடா பி.பி. ஏறவே மாட்டேங்கறதுன்னு சொல்லிண்டிருந்தே. லோ பி.பி.க்கு உப்புதான் மருந்து. அத்திம்பேருக்கு இப்படித்தான் போட்டேன்."

அத்திம்பேர் போன கதையில் இது ஒரு புதிய கோணம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

கம்பைல் ஆனதும் முதல் முயற்சி. மோடம் டயல் செய்தது, கத்தியது, சேர்ந்தது. லாகில், அதாவது நிரல் எழுதி வைக்கும் குறிப்பில், வரிகள் ஓடின. சர்வர், 'யூசர் அட்மின் டிஃபைன்ட்' வகைக் கால்பேக்குத்தான் அனுமதி என்றது. அதாவது நம்பரை நீ சொல்லாதே, என்னிடம் இருக்கிறது. சரி என்றது பிபிபிடி. அப்புறம் பொசுக்கென்று செத்துப்போனது. போகும்போது சொன்ன எண், அதாவது எக்ஸிட் கோடு, 14.

லினக்ஸும் சேர்ந்த யூனிக்ஸ் உலகத்தில் பூஜ்யம் என்றால் சுபம், வேறு எந்த எண் வந்தாலும் கோளாறு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன்: பூஜ்யம் தவிர எது வந்தாலும் ஐந்து வினாடி விட்டு மறுபடி டயல் செய். அது அப்படியே செய்தது. மறுமுனையில் பிஸி. ஐந்து வினாடி. பிஸி. மூன்று ராத்திரி இதையே செய்தது. மோடத்தின் சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடியே நான் நாற்காலியில் தூங்கிப்போவேன்.

நான்காம் நாள்தான் மேன் பேஜ் என்கிற கையேட்டின் அடிமட்டத்துக்குப் போய் எக்ஸிட் கோடு பட்டியலைப் படித்தேன். 8 என்றால் கனெக்ட் ஸ்கிரிப்ட் தோற்றது. 16 என்றால் மோடம் லைனைத் துண்டித்தது. 14 என்றால், கால்பேக் பேசி முடித்தாயிற்று, சற்று நேரத்தில் அழைப்பு வரும்.

அழைப்பு வருமாம்! சர்வர் சொன்ன சொல் தவறாமல் எனக்கு டயல் செய்துகொண்டிருந்திருக்கிறது. அதே நேரம் நான் அதற்கு டயல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதற்கு என் லைன் எங்கேஜ்ட், எனக்கு அதன் லைன் எங்கேஜ்ட் என்று அப்போது நினைத்தேன். காதலனும் காதலியும் ஒருவருக்கொருவர் போன் போட்டு, 'ராத்திரி பூரா யாரோட பேசிண்டிருந்தே?' என்று மறுநாள் சண்டை போடுவார்களே, அதேதான்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்தினேன். 14 வந்தால் டயல் செய்யாதே. வாயை மூடிக்கொண்டு காத்திரு. சாட் என்கிற குட்டி நிரலை வைத்து, மோடத்திலிருந்து 'ரிங்' என்ற சொல் வருகிறதா என்று பார். வந்தால் 'ஏடிஏ' என்று அனுப்பு, அதாவது போனை எடு. 'கனெக்ட்' வந்ததும் இரண்டாவது பிபிபிடி பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

காத்திருந்தேன். ரிங் வரவில்லை.

எங்கள் ஆபீஸில் ராத்திரி தங்குகிற ஒரு அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். சர்வர் அறையில்தான் பாய் விரிப்பார், ஏசி இருக்கிற ஒரே அறை அது. அவரை ஆபீஸ் லைனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அந்த மோடம் பெட்டி என் வீட்டுக்குப் போன் பண்ணுதா, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க" என்றேன். வைத்துவிட்டு ஒருமுறை முயற்சி செய்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"பண்ணுது தம்பி. ஆனா ஒரு பொம்பளப் புள்ளல்லா பேசுது."

"பொம்பளையா? அத்தையா இருக்குமோ?"

"அத்தை இல்ல தம்பி, சின்ன வயசு. முதல்ல மராத்தில சொல்லிச்சு, பொறவு இந்தி, பொறவு இங்கிலீஷு. ரெண்டப் போடு, ரெண்டப் போடுங்குது. எதுல போடணும்னுதான் எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கிவிட்டது. மும்பை லேண்ட்லைன் எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 2 சேர்த்து, ஏழு இலக்கத்தை எட்டு இலக்கமாக்கியிருந்தார்கள் அல்லவா? சர்வரில் என் பெயருக்கு நேரே யாரோ பழைய ஏழு இலக்க எண்ணையே அடித்து வைத்திருந்தார். அந்த 'யாரோ' நான்தான். சர்வர் பழைய எண்ணைச் சுற்ற, பதிவு செய்த குரல் மூன்று பாஷையில் பாடம் நடத்த, மோடம் அதில் கேரியர், அதாவது மறுமுனை மோடத்தின் சத்தம், எங்கே என்று தேடியபடி ஐம்பது வினாடி விழித்துவிட்டு வைத்திருக்கிறது. மோடம் சேரும்வரை அதன் ஸ்பீக்கர் ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அண்ணாச்சி பிழைத்திருத்தம் செய்ய முடிந்தது. எத்தனை லாக் புரட்டியும் இது கிடைத்திருக்காது.

2 போட்டாயிற்று. அடுத்த கோளாறு சின்னது: சாட் எதையும் இயல்பாக 45 வினாடிதான் எதிர்பார்க்கும். எங்கள் சர்வர் ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக பூஜ்யம் அடித்து, வெளி லைன் பிடித்து, மூச்சு வாங்கி டயல் செய்வதற்குள் அது பொறுமையிழந்து விலகிவிடும், பிபிபிடியும் 8 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். டைம் அவுட்டை 120 ஆக்கினேன்.

அன்று இரவு 11.40. கூடத்தில் மணி அடித்தது. ரிங்! என் திரையில் அந்த நான்கெழுத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஏடிஏ போனது. மோடம் வீல் என்று கத்தியது. பிறகு மௌனம். பிறகு 'நோ கேரியர்'.

மறுபடி முயன்றேன். மறுபடி நோ கேரியர். லைனில் இரைச்சலோ என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே செருப்பு ஸ்டாண்டு வழியாகத் தவழ்ந்து கூடத்துக்கு வந்தேன். இருட்டு. முக்காலிக்குப் பக்கத்தில் அத்தை, ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கோன் ஹை? கிஸ்கோ மாங்தா? ராங் நம்பர்! ராங் நம்பர்!"

என்னைப் பார்த்ததும், "ஏண்டா, எவனோ ராத்திரியில போன் பண்ணி ஊளையிடறான்டா. இன்னிக்கு ரெண்டாந்தடவை. ஹலோன்னா பேசவே மாட்டேங்கறான். போலீஸ்ல சொல்லிடலாமா?"

ஊளையிட்டது அவளுக்கு அடுத்த அறையில் இருந்த என் மோடம்தான். பதில் சொல்லும் மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கும். அதற்குள் அத்தையின் "கிஸ்கோ மாங்தா" கலந்தால் எந்த மோடமும் என்ன செய்யும்? ஆபீஸ் மோடம் பயந்து வைத்திருக்கும். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல போனைத் தொடாதீங்கோ அத்தை" என்றேன். அது நடக்காது என்று தெரிந்தே சொன்னேன். அவள் பிள்ளை நியூ ஜெர்சியில் இருந்தான். அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்பது நமக்குப் பதினோரு மணிக்கு மேல்தான். அதற்காகத்தான் அத்தை விழித்தே இருப்பாள். மணியின் முதல் 'ட்ரி' முடிவதற்குள் ரிசீவர் அவள் கையில் இருக்கும். மும்பை மாநகரத்திலேயே அவ்வளவு வேகமாகப் போன் எடுக்கிறவர் வேறு ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம். பிள்ளை கூப்பிட்டால் இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். அதை அத்தை எடுப்பாள். மூன்றாவது மணிக்கும் நிற்காமல் போனால் அது என் ஆபீஸ், அத்தை தொடக் கூடாது. அதற்கேற்ப என் சாட் ஸ்கிரிப்டில் மூன்று 'ரிங்' எண்ணிய பிறகு எடு என்று மாற்றினேன். அமெரிக்காவுக்கு மெயிலில் விதிமுறைகள் போயின. அத்தை ஒரு காலண்டர் தாளின் பின்புறம் '2 = குழந்தை, 3 = பூதம்' என்று எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினாள்.

அன்றைக்கே இணைப்பு கிடைத்தது. 33,600 வேகம். அதற்கு மேல் கிடைக்காது. 56-கே என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் சாதாரண மோடம் என்றால் அவ்வளவுதான். எனக்கு அது ராக்கெட். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஆபீஸில் விண்டோஸ்காரர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே அலட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் டயல் செய்து, 14 வாங்கி, சாட் காத்துக்கொண்டிருந்தது. மணி இரண்டு அடித்து நின்றது. நியூ ஜெர்சி. ஒப்பந்தப்படி அத்தை முக்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் சும்மா இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை, சாட் என்பது எண்ணத்தான் தெரிந்த ஜந்து என்று. இரண்டு ரிங் எண்ணியாயிற்று. மூன்றாவதற்கு இன்னும் 120 வினாடி பொறுமை அதனிடம் இருந்தது. அது அதே அழைப்பின் மணியா, அடுத்த அழைப்பின் மணியா என்று அதற்கு என்ன தெரியும்?

ஒரு நிமிஷம் கழித்து மணி அடித்தது. முதல் 'ட்ரி'க்கே அத்தை எடுத்தாள். அதே கணத்தில் என் மோடமும் எடுத்தது.

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் காதில் 2100 ஹெர்ட்ஸ் போய் இறங்கியிருக்கிறது. நான் மோடத்தின் சுவிட்சைத் தேடி மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். கூடத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கும் மேலே அத்தையின் குரல், சந்தோஷமாக:

"பயப்படாதேடா கண்ணா, ஒண்ணும் இல்லை! அவனுக்கு பி.பி. ஏறிடுத்து!"