இயக்கச்சிக் கிணறு

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி செயலாளர் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார். கிரிக்கெட்டையும் கன்ரீன் ரோல்ஸையும் மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு ஞாபகம் வருவது கரும்பலகையில் கீறிய ஒரு படம்.

2000ஆம் ஆண்டு, முதலாம் தவணை, புவியியல் பாடம். வகுப்பில் பாதிப்பேர் 95 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர்கள். சேர் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கீறினார். தலையைப் பெரிதாகக் கீறி, வன்னியோடு ஒட்டுகிற கழுத்தை ஒரு சோக்குத் துண்டு அகலத்துக்கு விட்டார். பக்கத்தில் 'உப்பளம்' என்று மட்டும் எழுதினார். இராணுவ முகாம் இருந்த ஆனையிறவு என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

பிறகு நிலத்தடி நீர். மழைநீர் உவர்நீருக்கு மேல் மிதந்து கிடக்குமாம், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறுமாம். பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், அப்ப அந்தக் கழுத்தில இருக்கிற ஆக்கள் எங்க தண்ணி குடிக்கிறது?"

சேர் கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டினார். "இயக்கச்சிப் பக்கம் நல்ல கிணறு இருக்கு" என்றார். அடுத்த நிமிடம் அருவியாற்றுக்குப் போய்விட்டார்.

அப்போது வடக்கில் புலிகளின் 'ஓயாத அலைகள் மூன்று' தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஜயசிக்குறு என்ற படை நடவடிக்கையில் 1997 மே முதல் ஒன்றரை வருடத்துக்கு மேல் சண்டைபிடித்து இராணுவம் பிடித்த இடங்களில் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களிலேயே கைமாறியது. அடுத்தது ஆனையிறவு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 91இல் முகாமை நேராக முட்டிப் பார்த்து முடியாமல் போனதல்லவா? இந்த முறை மார்ச் 26 இரவு புலிகள் கடல்வழியாகக் குடாரப்பில் இறங்கி, இத்தாவிலில் கண்டி வீதியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். முகாமுக்குப் பின்கதவு அடைபட்டது. மிச்சம், முகாமுக்குத் தண்ணி போன இயக்கச்சி.

கொழும்புப் பத்திரிகைகளில் இராணுவச் செய்திக்குத் தணிக்கை. பம்பலப்பிட்டி பஸ்ஸில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கனடாவிலிருந்து கோல் எடுக்கிற மாமாகூட "உப்பு விலை எப்படி?" என்றுதான் கேட்பார். இரவில் லண்டன் தமிழோசையைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்போம்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால் ஒரு சிங்கள ஆன்ட்டி இருந்தார். மகன் ஆமியில், ஆனையிறவில். சிங்களச் செய்தியில் ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை என்று ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்து, றேடியோவுக்குப் பக்கத்தில் பலாக்கட்டையில் இருப்பார். என்னுடைய ஓட்டைச் சிங்களத்தில் நான் மொழிபெயர்ப்பேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பா.

ஏப்ரல் 22, சனிக்கிழமை. இயக்கச்சியும் விழுந்தது, ஆனையிறவும் விழுந்தது. நான் "படை கிளாலிப் பக்கம் போய்விட்டதாம்" என்பதை மட்டும் சொன்னேன். ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வத்துர, புத்தா?" என்றார். தண்ணீர் கிடைத்ததா என்று கேட்கிறார். அதைப்பற்றி மகன் முன்பே கடிதத்தில் எழுதியிருக்கிறான் போல. என்ன சொல்வது? கிடைத்திருக்கும் என்றேன். அந்தப் பின்வாங்கலில்தான் 54ஆவது படைப்பிரிவின் துணைத் தளபதி பேர்சி பெர்னாண்டோ செத்தார். தாகத்தில் விழுந்தவர்கள் பற்றியும் பிறகு நிறையக் கேள்விப்பட்டோம்.

மகன் மே மாதம் கையில் கட்டோடு வந்தான். மதிலுக்கு மேலால் ஒருநாள் கண்டேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். ஆன்ட்டி அதன்பிறகு றேடியோ கேட்க வரவில்லை.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் நிலத்தடி நீர் பற்றிக் கேள்வி வந்தது. உதாரணத்துக்கு நான் இயக்கச்சிக் கிணறுகளை எழுதினேன். சேர் அந்தச் சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'குடாநாட்டின் சில இடங்கள்' என்று எழுதியிருந்தார். புள்ளியை மட்டும் குறைக்கவில்லை.