டிராகுனோவும் எங்க வீட்டு சிலிண்டரும்

பணகுடிக்காரன் நான். ஆர்மில ஆர்மரர் வேலை, அதாவது துப்பாக்கிய கழட்டி துடைச்சி ரிப்பேர் பாத்து திரும்ப மாட்டுத வேலை, சுட்டதவிட கழட்டுனதுதான் ஜாஸ்தி. இப்ப ரிட்டயர்டு ஆகி வள்ளியூர்ல ஒரு பேங்க்ல செக்யூரிட்டி. சாயங்காலம் டீக்கடைல பயலுவ போன்ல கேம் ஆடிக்கிட்டே "பெரிப்பா, ஸ்னைப்பர்னா ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்ட இழுக்கணும்லா?"ன்னு கேப்பானுவ. போல்ட்டுன்னா குண்ட உள்ள தள்ளி அடைக்குத இரும்புத் துண்டு. எல்லாத்துக்கும் இல்லல, நாங்க வச்சிருந்த டிராகுனோவ்ங்கற ஸ்னைப்பர் துப்பாக்கில டிரிக்கர அமுக்க அமுக்க போய்ட்டே இருக்கும், மேகசினுக்கு, அதாவது குண்டு அடுக்குத பெட்டிக்கு, 10 ரவுண்டு.

1963ல சோவியத் படைல சேத்தது, யெவ்கெனி டிராகுனோவ்னு ஒருத்தரு டிசைன். நம்ம திருச்சி ஃபேக்டரிலயும் செஞ்சிருக்காங்க. பாக்க ஏகே 47க்கு அண்ணன் மாதிரி இருக்கும், தொறந்தா வேற ஆளு. ஏகேல சுடும்போது வர்ற கேஸ் தள்ளுத பிஸ்டனும், போல்ட்ட சுமந்து ஓடுத போல்ட் கேரியரும் ஒண்ணா ஒட்டி மொத்தமா பின்னால ஓடும், இதுல பிஸ்டன் தனி, கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கரு காயின தட்டுமே அது மாதிரி ஒரு தட்டு தட்டிட்டு நின்னுரும், ஓடுத வெயிட்டு கம்மி, அதனால குறி அலையுததும் கம்மி. அழுக்கேறி கேஸ் பத்தலன்னா அந்த கேஸ கூட்டிக் கொறைக்குத ரெகுலேட்டர திருப்பணும், அதுக்கு தனி டூல்லாம் தேட வேண்டாம், ரவுண்டோட அடில இருக்க விளிம்ப விட்டு திருப்பிரலாம். அத மொத மொத பாத்தப்ப, யோசிச்சவன் கைல அழுக்கு பட்டவம்தாம்னு தோணுச்சி.

குறி பாக்குத கண்ணாடி, அதான் ஸ்கோப்பு, நாலு மடங்குதான் பெருசா காட்டும், பயலுவளுக்கு இது கேவலமா தெரியுது. ஆனா உள்ள ஒரு வளைஞ்ச கோடு உண்டு, 1.7 மீட்டர் உசர ஆள கணக்கா வச்சி போட்டது, ஆளு காலு கீழ்க்கோட்டுல நிக்கணும், தல வளைஞ்ச கோட்டுல எந்த நம்பர்கிட்ட தொடுதோ அத நூறால பெருக்குனா மீட்டர்ல தூரம். பனையேறுன எங்க தாத்தா பனை உசரத்த வெரல்ல வச்சி பாத்தே தூரம் சொல்லிருவாவ, அதே வித்தைதான்.

அந்த ஸ்கோப்பு துப்பாக்கிக்கு இடப்பக்கம் ரயில்ல சொருகி ஒரு லீவர மடக்கி லாக் பண்ணுதது. ஒரு நாள் ராத்திரி அவசரத்துல துடைச்சி மாட்டுனேன், லீவரு முழுசா மடங்கல, நான் பாக்கல. காலைல சுட்டுப் பழகுத ரேஞ்ச்ல ஒரு ராஜஸ்தான் பையன், நல்லா சுடுதவன், ஒரு ரவுண்டு வலக்க ஒரு ரவுண்டு மேலன்னு போவுது, சாப், அதாவது எங்க மேலதிகாரி, எல்லாரு முன்னாடியும் அவன போட்டு காய்ச்சி எடுத்துட்டாரு. துப்பாக்கிய திரும்ப வாங்கி வைக்கும்போது கைல ஸ்கோப்பு லேசா ஆடிச்சி. வாயத் தொறக்கல நான். மூணு நாள் கழிச்சித்தான் அவன்கிட்ட சொன்னேன், அவன் ஒண்ணும் சொல்லாம பீடிய நீட்டுனான், அது திட்டுனதவிட மோசமா இருந்துச்சி.

இப்பவும் வீட்ல சிலிண்டர் மாத்துனா ரெகுலேட்டர ரெண்டு தடவ ஆட்டிப் பாப்பேன். வீட்டுக்காரி "ஆமா, எதிரி அடுப்படிக்கே வந்துட்டான்"னு சிரிப்பா.