பதிவேட்டில் இல்லாத சுவிட்ச்

நிலத்தைச் சம்மட்டியால் அடித்து, அந்த அதிர்வை வைத்து அடியிலுள்ள பாறையின் ஆழத்தை அளக்கப் போயிருந்தேன். எட்டுக் கிலோ சம்மட்டியோடு பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேக்கு அப்பால் ஒரு வறண்ட ஏரியில் நின்றபோதுதான் பார்த்தேன்: அடி விழுந்த கணத்தைக் கருவிக்குச் சொல்லும் டிரிக்கர் கேபிளின் முனையில் சுவிட்ச் இல்லை. அறுந்த வயர்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் துறையிலிருந்து 24 சானல் சீஸ்மோகிராஃபை (நில அதிர்வை ஒரே நேரத்தில் 24 கோடுகளாகப் பதியும் கருவி) இரவல் வாங்கியிருந்தேன். கடிதம், துறைத் தலைவரின் கையெழுத்து, முன்பதிவு எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. ஸ்டோருக்குத்தான் மூன்று முறை நடந்தேன். இரண்டு முறை “நாளெ பன்னி” (கன்னடத்தில் ‘நாளை வாருங்கள்’). மூன்றாம் நாள் ஸ்டோர் கீப்பர் என் பெயரைப் படித்துவிட்டு, “தமிழா? நமக்குக் கிருஷ்ணகிரி” என்றார். அந்த உற்சாகத்தில் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன். புத்தி கெட்ட வேலை.

வாசலில் அடுத்த கூத்து. கேட் பாஸில் ஜியோஃபோன் (தரையில் ஊன்றி அதிர்வை உணரும் சென்சார்) 24. பெட்டியில் உபரியோடு 26. காவலர் இரண்டு முறை எண்ணிவிட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த ‘4’ஐ ‘6’ ஆக்கி முத்திரை வாங்க ஒரு மணி நேரம் போயிற்று. அப்படி எண்ணியவர்களில் ஒருவரும் கேபிளைப் பார்க்கவில்லை, நானும்தான்.

சுவிட்ச் இல்லாவிட்டால் சம்மட்டி விழுந்த கணம் கருவிக்குத் தெரியாது. மேல் மண்ணில் அலை வினாடிக்குச் சில நூறு மீட்டர் போகும், அடியிலுள்ள நைஸ் (gneiss) என்னும் கடினப் பாறையில் 5,000 மீட்டரை ஒட்டிப் போகும். பாறையின் ஆழத்தைச் சொல்வது அந்த மில்லிவினாடிக் கணக்குதான். அன்றைய வேன் வாடகை வீண்.

மறுநாள் எஸ்.பி. ரோட்டில் இரட்டை வயரும் முதலைக் கிளிப்புகளும் வாங்கினேன். வயர்கள் இரண்டும் தொட்டுக்கொண்டாலே பதிவைத் தொடங்கிவிடும் கருவி அது. ஒன்றைச் சம்மட்டியின் இரும்புத் தலையிலும் மற்றொன்றை அடி வாங்கும் இரும்புத் தகட்டிலும் மாட்டினேன். முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை, துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீண்டும் ஓங்கி அடித்ததும் திரையில் 24 கோடுகளும் துள்ளின. நான் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டன. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலுக்காக ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது முறை அடித்துப் பதிவுகளைக் கூட்டினேன். அடியின் அலையோடு ஒப்பிட்டால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

கருவி இரவல் வாங்கப்போகிறவர்களுக்கு: ஸ்டோர் வாசலிலேயே கருவியை இணைத்து ஓர் அடி அடித்துப் பாருங்கள். ஜியோஃபோன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பேட்டரியை முந்தின இரவே உங்கள் அறையில் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். “ஃபுல் சார்ஜ்” என்று யார் சொன்னாலும் சரி. உபரி உட்பட எல்லாவற்றையும் எண்ணிய பிறகே கேட் பாஸ் எழுதச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது சுவிட்ச் விஷயத்தைக் கேட்டேன். ஸ்டோர் கீப்பர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். “கேபிள் ஒன்று என்றுதானே இருக்கிறது தம்பி? சுவிட்ச் என்று எங்கே எழுதியிருக்கிறது?”

என் இரட்டை வயரைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தேன்.