விழுந்த மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி மேற்கே நகர்ந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்னையும் பலாவும் மாவும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. கொஞ்ச நாளில் வியாபாரிகள் லாரியோடு வந்துவிட்டார்கள். தாத்தா காலத்துப் பலா மரங்களெல்லாம் டன் கணக்கில், விறகு விலைக்குப் போயின. கரண்ட் கிடையாது, தண்ணீர் கிடையாது, வீட்டு ஓடு பறந்து கிடக்கிறது, அந்த நேரத்தில் தோப்பு காலியானால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தென்னையை நாங்களும் கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும். மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைத்து, மிச்சம் நிற்கிற கன்றுகளின் குருத்தையும் குடைந்துவிடும். ஆனால் பலாவையும் பூவரசையும் விற்காமல் வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் எங்கள் தச்சு ஆசாரியார் சொன்ன ஒரு வார்த்தை.

"தம்பி, இன்னைக்கு விறகுன்னு வித்துருவீங்க. அடுத்த வருஷம் கதவு செய்யணும்னு மரவாடிக்குப் போய் கன அடிக் கணக்குல இதையே வாங்குவீங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. மாட்டுக்கொட்டகைக் கூரையின் கைமரம், மோட்டார் ரூம் கதவு, சமையல்கட்டு அலமாரி, டிராக்டர் டிரெய்லரின் அடிப்பலகை, இதெல்லாம் அந்த மரங்களிலிருந்து வந்தவை. இன்னும் பலகை அடுக்கு காலியாகவில்லை. கிராமத்தில் தோட்டம், வீடு என்று இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பழுது இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலை நன்றாக அமையுமா, பத்து வருஷம் நிற்குமா என்பதெல்லாம் ஆணி அடிக்கும்போது தீர்மானமாவதில்லை. மரம் தரையில் கிடக்கும்போதே, எந்த நீளத்தில் துண்டு போடுகிறோம், எப்படி அறுக்கிறோம், எப்படி அடுக்குகிறோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதல் வேலை பட்டியல். மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தக் கைமரம் தொய்ந்திருக்கிறது, எந்த நிலை செல்லரித்திருக்கிறது, எங்கே ஓடு தாங்கும் ரீப்பர் சட்டம் மாற்ற வேண்டும் என்று அளவோடு எழுதிக்கொள்ளுங்கள். நிலைக்கு 5க்கு 3 அங்குலம், கைமரத்துக்கு 4க்கு 2, ரீப்பருக்கு 2க்கு 1 என்று ஆசாரிமார் வாயிலேயே அளவு இருக்கும். நிலை 7 அடி என்றால் துண்டு 7 அடியில் போடக்கூடாது, அரை அடி சேர்த்துப் போட வேண்டும், ஏனென்றால் காயும்போது இரண்டு முனையும் வெடிக்கும், வெடித்ததை வெட்டி எறிந்த பிறகு கையில் 7 அடி நிற்க வேண்டும். வெட்டுபவர் லாரிக்கு வசதியாகச் சமமாகத் துண்டு போட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே அன்றைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கன அடிக் கணக்கு தெரிந்திருப்பதும் நல்லது. மரத்தின் நடுவில் நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உருளையின் கன அளவாகப் பார்த்தால் அதே துண்டு கிட்டத்தட்ட 12.7 கன அடி வரும். மிச்சத்தை யாரும் ஏமாற்றவில்லை, வட்டத்தைச் சதுரமாக்கும்போது ஓரத்தில் கழிகிற மரத்துக்காக விட்டுக்கொடுக்கும் கணக்கு அது. ஆனால் விற்கும்போது ஒரு கணக்கு, அறுவைக் கூலிக்கு வேறு கணக்கு என்று யாராவது சொன்னால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மரம் அறுக்கும் மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ரோட்டோர மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணி பட்டைக்குள் மூடிப்போய் இருக்கும், பழைய வேலிக்கம்பி மரத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கும். பிளேடு பல் உடைந்தால் அந்தக் காசு நம் தலையில்தான் விழும், அதைவிட அறுப்பவருக்கு ஆபத்து. பலாவில் பால் வேறு இருக்கிறது, பச்சையாக அறுத்தால் பிளேடில் ஒட்டிக்கொள்ளும், டீசல் சொட்ட விட்டுக்கொண்டேதான் அறுப்பார்கள்.

கிணற்றுக்குப் பின்னால் பூவரசு விழுந்தது டிராக்டரும் போக முடியாத இடம். அதைக் கிடந்த இடத்திலேயே செயின் சாவில் இரும்புச் சட்டம் மாட்டிப் பலகையாக இழுத்தோம். இதற்குச் சாதாரணச் செயின் சரிப்படாது. மரத்தைக் குறுக்கே வெட்டும் செயினின் பல் 30 பாகை சாய்வில் இருக்கும், நீளவாக்கில் கிழிக்க 10 பாகைக்குத் தீட்டிய செயின் வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் முக்கும், பலகையும் அலையலையாக வரும். மில்லில் பேண்ட் சா பிளேடு ஒரு அறுப்புக்கு 2, 3 மில்லிமீட்டர் மரத்தைத்தான் தின்னும். செயின் சா 8 மில்லிமீட்டர் வரை தின்றுவிடும், அதாவது மூன்று அறுப்புக்கு ஓர் அங்குலப் பலகை ஒன்று தூளாகப் போகிறது. ஆகவே மில்லுக்குக் கொண்டுபோக வழி இருந்தால் கொண்டுபோவதே லாபம். வழியே இல்லாத இடத்துக்குத்தான் செயின் சா.

அறுக்கும்போது பார்க்க வேண்டியது மரத்தின் நடு மையம். மையத்தை உள்ளே வைத்து ஒரு சட்டம் எடுத்தால் அது வெடிக்காமல் இருக்காது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். பலகை ஏன் வளைகிறது, ஏன் முறுக்குகிறது என்பதற்கெல்லாம் காரணம் இந்த ஒரு விஷயம்தான். மையம் போகும் கோட்டிலேயே மரத்தை இரண்டாகப் பிளந்து, அதை ஒட்டி இருக்கும் சட்டங்களை ரீப்பருக்கு ஒதுக்கிவிட்டு, வைரம் பாய்ந்த நல்ல சேகுப் பகுதியை நிலைக்கும் கதவுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி எங்கள் ஆசாரியார் மில்லில் நின்று மல்லுக்கட்டினார். பலாவின் சேகு அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு மாறி அப்புறம் நல்ல பழுப்பாகிவிடும். தஞ்சாவூரில் வீணைக்குக் குடம் குடைவது இந்த மரத்தில்தான். அந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்ப எனக்கு இன்றைக்கும் மனசு வராது.

அறுத்து வந்த அன்றே அடுக்கிவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் வைத்து, அதன்மேல் பலகை, பலகைக்குப் பலகை நடுவில் ஓர் அங்குல ரீப்பர் துண்டு, இரண்டு அடிக்கு ஒன்று. இந்தத் துண்டுகள் கீழிருந்து மேல்வரை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும், பிறகு எந்த இழைப்புளியாலும் நிமிர்த்த முடியாது. முனைகளில் மிச்சம் மீதி எனாமல் பெயின்ட் எது இருந்தாலும் அடித்துவிடுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு வருகிறது. மேலே தகரம், தகரத்தின்மேல் கல். தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டுபவர்களைப் பார்க்கிறேன், வேண்டவே வேண்டாம், காற்று ஓடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எவ்வளவு நாள் காய வேண்டும்? ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கு ஓர் அங்குலப் பலகை சில மாதத்தில் தயாராகிவிடும், 3 அங்குலச் சட்டம் ஒரு வருஷத்துக்கு மேலேயே கேட்கும். அடுக்கிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து மளிகைக்கடைத் தராசில் மாதாமாதம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று பொருள். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தேய்பிறையில் வெட்டினால் வண்டு அடிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். புயலில் விழுந்த மரத்துக்கு எங்கே தேய்பிறை பார்ப்பது! வண்டு தேடி வருவது மரத்தில் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான். அந்தக் காலத்தில் பூவரசையும் மூங்கிலையும் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப் போட்டதும் அந்தச் சத்தைக் கரைத்து எடுக்கத்தான். குளம் இல்லாதவர்கள் போராக்ஸ், போரிக் அமிலம் இரண்டையும் 3க்கு 2 என்ற பங்கில் கலக்கலாம், லிட்டருக்கு 30 கிராமும் 20 கிராமும். வெந்நீரில் கரைத்து, பலகை பச்சையாக இருக்கும்போதே முக்கியோ தாராளமாகப் பூசியோ வைத்தால் மருந்து ஈரத்தோடு ஈரமாக உள்ளே இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாட்டுத் தீவனத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மழை படும் இடத்தில் இந்த மருந்து கரைந்து ஓடிவிடும், ஆகவே வீட்டுக்குள் போகும் மரத்துக்குத்தான் இது.

இனி பழுதுகள். அதிகம் கேள்விப்படுவது கார்த்திகை மழையில் கதவு இறுகி நிற்பது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவிவிடுகிறார்கள். பங்குனி வெயிலில் அதே கதவு சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும். மழைக்காலத்தில் உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள், தை பிறந்து காய்ந்த பிறகும் உரசினால் மட்டும் சீவுங்கள். சீவினால் அந்த வெட்டு முகத்துக்கும் எண்ணெயோ பெயின்டோ காட்ட வேண்டும், குறிப்பாகக் கதவின் அடிமுனைக்கு. அந்த இடத்துக்கு யாருமே பூசுவதில்லை, தண்ணீர் ஏறுவதோ அங்கிருந்துதான்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் ஆடி, ஆவணியிலேயே உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ரீப்பரில் கறுப்பாகத் தண்ணீர் ஓடிய தடம் இருந்தால் அதற்குமேல் எங்கோ ஓடு கீறியிருக்கிறது, தடத்துக்கு நேர் மேலே என்றில்லாமல் ஒன்றிரண்டு வரிசை தள்ளியும் இருக்கலாம். ஓடு மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடாதீர்கள், ரீப்பரைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, கத்தி இறங்கினால் அதையும் மாற்றிவிட வேண்டும்.

கொட்டகைக் காலை மண்ணில் புதைப்பது எனக்குச் சம்மதமில்லாத வேலை. எவ்வளவு வைரம் பாய்ந்த மரமாக இருந்தாலும் தரைமட்டத்தில்தான் உளுத்துப்போகும், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அந்த ஒரு சாணில்தான். மாட்டுக்கொட்டகை என்றால் கோமியமும் சேர்ந்துகொள்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் கல் பீடத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நாங்களும் ஒன்றரை அடிக் கருங்கல் குத்துக்கல் நட்டு, இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு அதன்மேல் காலை நிறுத்தினோம். கழுவி விடுகிற தண்ணீர் கல்லோடு நின்றுவிடுகிறது. கொட்டகையின் கைமரத்துக்கு முன்பெல்லாம் முற்றிய பனைதான். பனையில் வெளிப்பக்கம்தான் இரும்பு, உள்ளே வெறும் நார், அதனால் அதைப் பிளந்து உள்ளே செதுக்கி எடுத்துவிட்டு ஓரத்தை மட்டும் கைமரமாகப் போடுவார்கள். இப்போது பனையை வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு சொல்லிவிட்டது, நல்ல முடிவு. தேக்கு நம் பட்டா நிலத்தில் நின்றதாகவே இருந்தாலும் வெட்டிக் கொண்டுபோகும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. வேரோடு சாய்ந்த மரத்தை நீங்களே வெட்டப் போகாதீர்கள். அடிமரத்தை அறுத்ததும் பாரம் விட்டுப்போய் வேரும் மண்ணும் சேர்ந்த அந்தத் திட்டு பழையபடி நிமிர்ந்து குழிக்குள் விழும். குழிப் பக்கம் யாராவது நின்றால், பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், கத்திச் சொல்லக்கூட நேரம் இருக்காது. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையும் அப்படித்தான், எந்தப் பக்கம் இழுவிசை இருக்கிறது என்று தெரியாமல் வாளை வைத்தால் மெஷினையே தூக்கி அடிக்கும். பழகிய ஆளைக் கூப்பிடுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். பட்டியலை மட்டும் அவர் கையில் கொடுத்து, எந்தத் துண்டு எத்தனை அடி என்று சாக்பீஸால் மரத்திலேயே எழுதிவிடுங்கள்.