டர்போ வண்டிக்கு வேக்யூம் ஹோஸ் மாத்தறீங்களா? எல்லா இடத்துக்கும் சிலிக்கான் வேணாம்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் வச்சிருக்கறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா பேச்சு கடைசில வேக்யூம் ஹோஸ்லதான் வந்து நிக்கும். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ, இன்ஜின் கெட்டிதான், ஆனா அதைச் சுத்தி ஓடற பொடிப்பொடி ரப்பர் குழாயெல்லாம் வயசாகி வெறைச்சுப்போய் நுனில வெடிச்சிருக்கும், ஐடில்ல வண்டி ஆடும், பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ற காத்து, ஒருநாள் வரும் ஒருநாள் வராது, ஸ்கேனர் போட்டா மிக்ஸ்சர் லீன், அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு பி0171 கோட் காட்டும், மெக்கானிக் முதல்ல சென்சர மாத்தச் சொல்வாரு. ஏர்ஃப்ளோ சென்சர் அளந்ததுக்கு அப்புறம் திருட்டுத்தனமா உள்ள போற காத்துக்கு சென்சர் என்ன பண்ணும் பாவம்.

சரி, ஹோஸ் மாத்தணும்னு முடிவு பண்ணியாச்சு. எல்லாரும் உடனே போறது கலர் சிலிக்கான் ரோலுக்கு, நீலமோ சிவப்போ அஞ்சு மீட்டர் வாங்கி பானட்டுக்குள்ள கோயில் தோரணம் கட்டினாப்ல கட்டிடறாங்க. பாக்க நல்லாதான் இருக்கும். என் கருத்து, ஒவ்வொரு ஹோஸுக்கும் ரெண்டே கேள்விதான், உள்ள என்ன போகுது, பக்கத்துல என்ன சூடு. அதுக்கு ஏத்த ரப்பர்தான் போடணும், ஒரே ரோல வச்சு மொத்த இன்ஜினையும் முடிக்க முடியாது.

சிலிக்கானோட பெரிய பலம் சூடு. கிட்டத்தட்ட 200 டிகிரி வரைக்கும் தாங்கும், ஓசோன்ல வெடிக்காது, வருஷக்கணக்கா மெத்துன்னே இருக்கும். அதனால டர்போ பக்கம் போற லைனுக்கு அதுதான். இந்த வண்டில டர்போ இன்ஜினுக்கு பின்னாடி, கேபினுக்கு முன்னாடி இருக்கற தடுப்பு ஃபயர்வால் பக்கம் இருக்கு, அங்க காத்தோட்டமே கிடையாது, நம்மூர் டிராஃபிக்ல நின்னா கேக்கவே வேணாம். பூஸ்ட கட்டுப்படுத்தற என்75 சோலனாய்டு வால்வுல இருந்து, டர்போவுக்கு போற புகைய திருப்பிவிடற வேஸ்ட்கேட் கதவ திறக்கற ஆக்சுவேட்டருக்கு போற ஹோஸ் இருக்கே, அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அது கழண்டாலோ கிழிஞ்சாலோ ஆக்சுவேட்டருக்கு பிரஷரே போகாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் எகிறும், இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசியு பயந்துபோய் பவர குறைச்சு ஓட்டற லிம்ப் மோடுக்கு போயிடும். அது லிம்ப் மோடுக்கு போறதே நல்லதுன்னு வைங்க.

ஆனா சிலிக்கான் வாங்கும்போது உள் விட்டம் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, சுவர் கனம் கேளுங்க. இன்ஜினுக்கு காத்த பிரிச்சு அனுப்பற மேனிஃபோல்டுல இருந்து வர்ற ஹோஸ் ஐடில்ல முக்கால் பார் பிரஷருக்கு கிட்ட உறிஞ்சும், ஆக்சிலரேட்டர மிதிச்சா அதே ஹோஸ் அரை பாருக்கு மேல ஊதும். ரெண்டையும் தாங்கணும். மெல்லிசு சிலிக்கான் உறிஞ்சற நேரத்துல சப்பிக்கும், அதுவும் வளைவுல, சூட்டுல. 4 மில்லிமீட்டர் துளைன்னா சுவரும் 3, 4 மில்லிமீட்டர் இருக்கறதா பாருங்க. கடையிலயே விரல்ல நசுக்கிப் பாருங்க, ஒரு வளைவு வளைச்சுப் பாருங்க, மடிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க.

இப்ப சிலிக்கான் போடவே கூடாத இடம். இன்ஜினோட அடிப்பகுதி கிராங்க்கேஸ்ல இருந்து ஆவி வர்ற பிசிவி லைன், இந்த இன்ஜின்ல மேனிஃபோல்டுக்கு அடியில கண்ணுக்கே தெரியாம ஒளிஞ்சிருக்கும். அதுல முழுக்க ஆயில் ஆவிதான். சாதா சிலிக்கான் ஆயில்ல ஊறி உப்பும், தளதளன்னு ஆகும், வெளிய வேர்த்த மாதிரி எண்ணெய் கசியும். பெட்ரோல் டேங்க்ல இருந்து, ஆவிய பிடிச்சு வைக்கற கேனிஸ்டர் வழியா வர்ற ஆவி லைனும் அப்படித்தான், பெட்ரோல் ஆவி சிலிக்கான் சுவர ஊடுருவியே வெளிய வந்துடும், அந்த வாசனை எங்கருந்து வருதுன்னு தேடிட்டே இருப்பீங்க. இந்த ரெண்டுக்கும் விட்டான், அதாவது எஃப்கேஎம் ரப்பர். ஆயில், பெட்ரோல், சூடு மூணையும் தாங்கும். விலைதான் கடிக்கும். ஆனா எவ்ளோ நீளம் வேணும், கொஞ்சம்தானே. பட்ஜெட் இல்லன்னா சூடு கம்மியா இருக்கற இடத்துல நைட்ரைல் ரப்பர் ஃப்யூவல் ஹோஸ் போடலாம், ஆயிலுக்கு அது நல்லதுதான், ஆனா 100 டிகிரிய தாண்டினா சீக்கிரம் வெறைச்சுடும், ஓசோன்ல வெடிப்பும் விடும், அடிக்கடி பாத்துக்கணும்.

ஈபிடிஎம் ரப்பர் நைட்ரைலுக்கு நேர் எதிர். சூடு ஓரளவு, 120, 130 டிகிரி தாங்கும், ஓசோனுக்கு அசையாது, விலையும் கம்மி, ஆனா ஆயிலோ பெட்ரோலோ பட்டா போச்சு. சுத்தமான காத்து மட்டும் போற லைனுக்கு, டர்போ பக்கத்துல இல்லாத இடத்துக்கு, தாராளமா போடலாம்.

மீன்தொட்டி கடைல விக்கற ட்ரான்ஸ்பேரன்ட் பிவிசி டியூப் போட்டு ஓட்டறவங்களும் இருக்காங்க. சூட்டுல கொழகொழன்னு ஆகி, ஹோஸ சொருகற நிப்பிள்ல இருந்து வழுக்கிடும்ங்க, வேணாம்.

பிரேக் மிதிக்கற பலத்த கூட்டித்தர்ற பிரேக் பூஸ்டருக்கு போற ஹோஸ்ல மட்டும் எந்தப் பரிசோதனையும் கிடையாது. பிரேக்குக்குன்னே செஞ்ச, உள்ள நூல் பின்னின கெட்டி வேக்யூம் ஹோஸ், இல்லன்னா கம்பெனி பார்ட், அவ்ளோதான். அதுல இருக்கற ஒன்வே வால்வ திருப்பி மாட்டிடாதீங்க, காத்து பூஸ்டர்ல இருந்து மேனிஃபோல்டு பக்கம் மட்டும்தான் போகணும்.

கிளாம்ப் பத்தி ஒண்ணு. பூஸ்ட் வர்ற எந்த ஹோஸையும் சும்மா சொருகி விடாதீங்க, சின்ன ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்க. ஸ்க்ரூ கிளாம்ப இறுக்கினா அதோட பல்லு சிலிக்கான அறுத்துடும், சிலிக்கான்ல ஒரு கீறல் விழுந்தா அப்படியே கிழிஞ்சுட்டே போகும்.

கழட்டும்போது பழைய ஹோஸ பிடிச்சு இழுக்காதீங்க, பிளேடால நீளவாக்குல மெதுவா கீறி உரிச்சு எடுங்க, உள்ள இருக்கற பிளாஸ்டிக் நிப்பிளும் அதே வயசுதான், பட்டுனு ஒடிஞ்சா ஹோஸ் செலவு சோலனாய்டு செலவா மாறிடும். ஒண்ணக் கழட்டி அதே இடத்துல புதுச மாட்டிட்டு அப்புறம் அடுத்தது. எல்லாத்தையும் மொத்தமா கழட்டி வச்சா என்75ல இருக்கற மூணு வாயில எது எங்க போச்சுன்னு ராத்திரி பூரா படம் தேடிட்டு உக்காந்திருப்பீங்க.