மாஸி 1035-க்கு ஆல்டர்னேட்டர்: ஒரு நாள் வேலை மூன்று வாரம் ஆன கதை

கொல்லையில் கொட்டகை இருந்தும் எங்கள் டிராக்டர் நிற்பது வாய்க்கால் மதகுக்குப் பக்கத்து மேட்டில்தான். காலையில் இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை விட்டால் சரிவில் உருளும். பாதியில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு குலுக்கி ஸ்டார்ட் ஆகிவிடும். நான்கைந்து வருடமாக இப்படித்தான் ஓடியது. மன்னார்குடிப் பக்கம் எல்லாம் தட்டையான பூமி. இந்த ஒரு மேடும் இல்லாவிட்டால் வண்டி என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. சிம்சன் 3 சிலிண்டர் இன்ஜின். அப்பா வாங்கியது, வயதில் எனக்கு மூத்தது. இன்ஜினில் குறையே இல்லை. கரண்டுதான் தகராறு. குறுவைக்குச் சேறடிக்கும்போது பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஊரில் உள்ள எல்லா வண்டியும் ராப்பகலாக வயலில் கிடக்கும். எங்கள் வண்டியில் மட்டும் ஒன்பது மணிக்கு ஹெட்லைட் மஞ்சளாகும், பத்து மணிக்கு மண்ணெண்ணெய் விளக்காகிவிடும். வண்டி ஓட்டுகிற அண்ணன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சேறடித்ததைப் போன வருடம் பார்த்தேன். இந்த வருடம் தண்ணீர் வருவதற்குள் சரி செய்துவிடுவது என்று மே மாதத்தில் இறங்கினேன்.

இன்ஜினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. முதலில் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. டைனமோவிலிருந்து கட்அவுட் பெட்டிக்கு (அதன் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போகும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டைனமோவின் டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வைத்து, இன்ஜின் வேகத்தை மெல்ல ஏற்ற வேண்டும். நல்ல டைனமோ என்றால் முள் சரசரவென்று ஏறும், 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் நாம்தான் பிடிக்க வேண்டும். எனக்கு 1 வோல்ட்டிலேயே நின்றது. அது இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் காந்தத்தின் வோல்ட். காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது.

காயில் கட்டி, கம்யூட்டேட்டரை லேத்தில் கொடுத்து, புது பிரஷ் போட்டு அதையே ஓட்டலாம். செல்ஃப்-டைனமோ கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வேறு கணக்கு. ஹெட்லைட் இரண்டும் சேர்த்து 120 வாட், பின்னால் கேஜ் வீலை (சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) பார்க்க வைத்த விளக்கு 55 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 15 ஆம்ப் விளக்குக்கு மட்டுமே போகிறது. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் தராது. அதே வேலையைச் செய்கிற ஆல்டர்னேட்டர், இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிலேயே தரத் தொடங்கிவிடும். டைனமோவில் மொத்த கரண்டும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரில் உள்ளே சுற்றும் ரோட்டருக்குப் போகிற சில ஆம்ப் மட்டும்தான் பிரஷ் வழியாகப் போகிறது, விளைச்சல் முழுக்க அசையாத ஸ்டேட்டரிலிருந்து, கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் டையோடு வழியாக வருகிறது. அதனால்தான் அதைச் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்ற முடிகிறது. ஊரில் இரண்டுக்கும் டைனமோ என்றுதான் பெயர் என்பது வேறு விஷயம்.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு லூகாஸ் டிவிஎஸ் 36 ஆம்ப் ஆல்டர்னேட்டர் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதுதான், ஆனால் பேரிங் சத்தம் இல்லை. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகை. துண்டில் சுற்றித் தோள் பையில் போட்டுக்கொண்டு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினேன். தலைக்கு வைத்துப் படுத்தது மடத்தனம். மறுநாள் முழுக்கக் கழுத்து திரும்பவில்லை.

முதல் சனிக்கிழமை முழுக்க இரும்பு வேலைக்கே போனது. டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. டைனமோவுக்கு முன்னும் பின்னும் இரண்டு காது, இதற்குக் கீழே ஒரே காது. பிராக்கெட்டில் வைத்தால் புல்லி முக்கால் அங்குலம் பின்னால் நின்றது. வாஷர் அடுக்கிப் பார்த்தேன், பெல்ட் கோணிக்கொண்டு ஓடியது. கடைசியில் லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து வாங்கிப் போட்டதும் நூல் பிடித்த மாதிரி நின்றது. வண்டியில் உள்ள போல்ட்டுக்கெல்லாம் 9/16 ஸ்பேனர், ஆல்டர்னேட்டருக்கு 13. இரண்டு செட்டையும் மாற்றி மாற்றி எடுத்தே பாதி நேரம் கழிந்தது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தணிய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போய்விடும்.

வயரைத் தொடுவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். டைனமோவுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆல்டர்னேட்டரை அப்படி மாட்டினால் டையோடு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். எங்கள் வண்டியில் மைனஸ்தான் பாடியில் இருந்தது. மீட்டர் வைத்து இரண்டு முறை பார்த்த பிறகே நம்பினேன்.

இனி கட்அவுட் பெட்டி. அதில் ஐந்து முனை: ஏ, ஏ1, டி, எஃப், இ. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கிறது, டையோடு இருப்பதால் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பிப் போகவும் முடியாது. ஆக பெட்டி வேண்டாம். கழற்றிக் கடாசினேன். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் வண்டி செத்துக் கிடக்கிறது. ஹார்ன் இல்லை, லைட் இல்லை, செல்ஃப் பட்டனும் பேசவில்லை. ஃபியூஸ், சாவி, பேட்டரி முனை என்று ஒரு மணி நேரம் தேடினேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருந்த வண்டி" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து ஆம்மீட்டர் (கரண்ட் அளவைக் காட்டும் மீட்டர்) வழியாக வரும் வயர் ஏ முனையில் சேர்கிறது. வண்டிக்குள் போகும் வயர் ஏ1-இல் புறப்படுகிறது. இந்த இரண்டும் பெட்டிக்குள் ஒரு தடித்த காயில் வழியாகச் சேர்ந்திருக்கின்றன. பெட்டியைக் கழற்றினால் அந்தப் பாலமும் போய்விடும். இரண்டு வயரின் நுனியிலும் லக் அடித்து, ஒரே போல்ட்டில் சேர்த்து, மேலே ரப்பர் குழாய் போட்டு மூடியதும் ஹார்ன் அலறியது. கோழிகள் சிதறி ஓடின.

மெயின் வயரை எங்கே கொண்டுபோவது என்று கொஞ்சம் யோசித்தேன். பழைய டைனமோ வயரிலேயே சேர்ப்பது சுலபம். ஆனால் அந்த வயரும் ஆம்மீட்டரும் 36 ஆம்ப் தாங்குமா என்பது சந்தேகம். டாஷ்போர்டுக்குள் தீப்பிடித்தால் டீசல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயரை நேராகச் செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கே கொண்டுபோனேன். நடுவில் 50 ஆம்ப் ஃபியூஸ். இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஆம்மீட்டர் இனி சார்ஜ் ஏறுவதைக் காட்டாது, விளக்குக்குப் போகும் செலவை மட்டும் காட்டும். முள் எப்போதும் மைனஸ் பக்கமே சாய்ந்திருக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது என்று பக்கத்தில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வைத்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மெல்லிய வயர். சாவியிலிருந்து சார்ஜ் விளக்கு வழியாக ஆல்டர்னேட்டரின் சின்ன முனைக்குப் போவது. லூகாஸில் ஐஎன்டி என்றிருக்கும். மற்றவற்றில் டி பிளஸ், எல் என்று எழுதியிருப்பார்கள். விளக்கு என்றால் ஏதோ ஒரு விளக்கு என்று நினைத்து, ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை டாஷ்போர்டில் ஓட்டை போட்டு மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஸ்டார்ட் செய்து, ஆசை தீர ஆக்சிலேட்டரை ஏற்றினேன். 14.1 வோல்ட். விளக்கு அணைந்தது. நிம்மதியாகச் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

வியாழக்கிழமை போன். "தம்பி, உங்க புது டைனமோ சார்ஜ் ஏத்தல. மறுபடியும் மேட்டுலதான் நிக்குது."

"வெளக்கு அணையுதாண்ணே?"

"எங்க அணையுது? செகப்பா நல்லா எரிஞ்சுகிட்டேதான் இருக்கு."

அந்த வாரம் வயலுக்கு எரு அடிக்கும் வேலை. ஸ்டார்ட் செய்வது, மெதுவாகப் போவது, டிரெய்லரை நிறுத்தி இறக்குவது, அணைப்பது, மறுபடி ஸ்டார்ட். ஒரு நாளைக்கு இருபது முறை. அண்ணன் வண்டியை உறுமவே விடமாட்டார், டீசல் வீண் என்பார். நான் சோதித்தபோது உறுமவிட்டேன். வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

ஆல்டர்னேட்டர் ரோட்டரில் தானாக நிற்கும் காந்தம் மிகக் கொஞ்சம். அது விளைச்சலைத் தொடங்க முதலில் கொஞ்சம் கரண்ட் வெளியிலிருந்து போக வேண்டும். சார்ஜ் விளக்கு வழியாகத்தான் அது போகிறது. 2.2 வாட் பல்ப் என்றால் 0.18 ஆம்ப், அது போதும். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டதும் அந்த முனையும் பேட்டரி அளவு வோல்ட்டுக்கு ஏறிவிடும், விளக்கின் இரு பக்கமும் சமமாகி அணைந்துவிடும். என் எல்.ஈ.டி. வழியாகப் போனதோ 0.02 ஆம்ப் கூட இருக்காது. வேகமாகச் சுற்றினால் மிச்சக் காந்தமே வேலையைத் தொடங்கிவிடும். மெதுவாகப் போனால் நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே சுற்றும். அதைத்தான் சிவப்பு விளக்கு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பைக் ஸ்பேர் கடையில் 3 வாட் மீட்டர் பல்ப்பும் ஹோல்டரும் வாங்கி மாட்டினேன். எல்லாம் சேர்த்து 40 ரூபாய். ஸ்டார்ட் செய்து கால் கொஞ்சம் வைத்ததும் அணைந்தது. ஐடிலில் 13.7.

ஆனால் எல்லா விளக்கையும் போட்டால் பேட்டரி முனையில் 13.0-க்கு இறங்கியது, ஆல்டர்னேட்டர் முனையில் 13.8 இருக்கும்போதே. நடுவில் 0.8 வோல்ட் எங்கே போகிறது? மீட்டரை ஆல்டர்னேட்டர் பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் வைத்தேன்: 0.2. சரி. ஆல்டர்னேட்டர் கூட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில்: 0.6. பிராக்கெட்டுக்கு அப்பா ஆசையாக அடித்த சிவப்பு பெயின்ட்தான் காரணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூட்டிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஓர் எர்த் வயரும் போட்டேன். 0.6 போய் 0.1 ஆனது.

மூன்றாவது சனிக்கிழமை வேலை ஒன்றும் இல்லை, இருட்டில் சும்மா ஓட்டிப் பார்த்தோம். எல்லா விளக்கும் எரிய 13.8. அண்ணனிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவைத்தேன்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கூடாது, கலப்பையில் வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட வேண்டும். தலையாட்டினார். வண்டியைக் கொண்டுபோய் மேட்டில்தான் நிறுத்தினார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 3 வாட் பல்ப் ஒரு நாள் ஃபியூஸ் போனால் சார்ஜும் தொடங்காது, விளக்கும் எரியாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. பல்ப்புக்குப் பக்கவாட்டில் ஒரு 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் சேர்த்துவிட்டால் பல்ப் போனாலும் சார்ஜ் தொடங்கிவிடும். ரிச்சி தெருவில் வாங்கிவிட்டேன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாட்ட வேண்டும். டாஷ்போர்டில் எல்.ஈ.டி.க்காகப் போட்ட ஓட்டையில் இப்போது அண்ணன் ஊதுபத்தி குத்தி வைத்திருக்கிறார்.