நாலு இலக்கம், பன்னிரண்டு கால்

ஜனவரி 6
நாலு இலக்க டிஸ்ப்ளேயின் கால்களை மல்டிமீட்டரின் டயோடு முறையில் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். காமன் கேத்தோடு, அதாவது ஒரு இலக்கத்தின் எல்லா எல்இடிகளின் நெகடிவ் முனையும் ஒரே காலில். எட்டு செக்மென்ட் (இலக்கத்தை வரையும் ஏழு கோடுகளும் ஒரு புள்ளியும்) கால்கள் எல்லா இலக்கத்துக்கும் பொது, இலக்கத்துக்கு ஒன்றாக இன்னும் நாலு. தனித்தனியாக இழுத்திருந்தால் 32 கம்பி. பதிலுக்கு, ஒரு நேரத்தில் ஒரு இலக்கத்தை மட்டும் ஏற்றி, கண் ஏமாறும் வேகத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 7
சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த கூலி. எட்டு ரெசிஸ்டர் எதற்கு என்று இலக்கக் கால்களில் நாலு மட்டும் போட்டேன். '1' பளிச்சென்று எரிகிறது, '8' அழுது வடிகிறது. ஒரே ரெசிஸ்டர் வழியாக வரும் கரண்டை இரண்டு செக்மென்ட் பங்கிடுவதும் ஏழு பங்கிடுவதும் ஒன்றாகுமா? செக்மென்டுக்கு ஒன்றாக 330 ஓம் மாற்றினேன். இப்போது '8' எரியும்போது அதன் இலக்கக் காலில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர். இதை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் ஏடிமெகா328, அதன் ஒரு பின்னின் உச்ச வரம்பே 40தான். அதனால் கரண்டைத் தாங்கும் சுவிட்சாக இலக்கத்துக்கு ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர்.

ஜனவரி 9
வெப்பநிலை சென்சாரைச் சேர்த்ததும் குட்டு உடைந்தது. டிஎஸ்18பி20, 12 பிட்டில் அளக்க 750 மில்லி செகண்ட் வரை எடுக்கும். நான் காத்திருந்த அந்த நேரம் முழுக்கக் கடைசி இலக்கம் மட்டும் தகதகவென எரிய, மற்ற மூன்றும் இருட்டு. லூப்பில் டிலே வைத்து ஓட்டினால் இப்படித்தான். டைமர் இன்டரப்டுக்கு (மற்ற வேலையை இடைமறித்துக் குறித்த நேரத்தில் ஓடும் கோடு) மாற்றினேன்: இலக்கத்துக்கு 2 மில்லி செகண்ட், ஒரு சுற்று 8, நொடிக்கு 125 சுற்று. கண்ணுக்கு ஆட்டமே தெரியவில்லை. தலையைச் சட்டென்று திருப்பினால் மட்டும் இலக்கங்கள் சிதறித் தெரிகின்றன (வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்).

ஜனவரி 10
பேய்! '1811' போட்டுப் பார்த்தால், முதல் '1'-க்குப் பின்னால் மங்கலாக ஒரு '8'. வயரிங்கைத் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் வீண். கடைசியில் கோடில் இரண்டு வரிகளின் இடத்தை மாற்றினேன். பேய் முதல் இலக்கத்தை விட்டு மூன்றாவதில் போய் உட்கார்ந்தது. சிரித்துவிட்டேன். முன்பு செக்மென்டை மாற்றிவிட்டு இலக்கத்தைத் தாண்டினேன். பழைய இலக்கம் அணையும் முன்பே அதில் புது வடிவம் ஏறியது. இப்போது இலக்கத்தை முதலில் தாண்டுகிறேன். பழைய '8' புது இலக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மருந்து: முதலில் எல்லாவற்றையும் அணை, பிறகு செக்மென்டை எழுது, அப்புறம் இலக்கத்தை ஏற்று. அப்படியும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது. முழுதாகத் திறந்த டிரான்சிஸ்டர் சொன்னவுடன் மூடாது. அணைத்தபின் 20 மைக்ரோ செகண்ட் இடைவெளி விட்டேன், சுத்தம். 2 மில்லி செகண்டில் அது நூற்றில் ஒரு பங்குதான், வெளிச்சம் குறைந்ததாகவே தெரியவில்லை.

ஜனவரி 11
போனில் வீடியோ எடுத்தேன். பாதி இலக்கங்கள் காணோம். கேமராவை நம்பி கோடைத் தொடுவதாக இல்லை.